கம்பனி கடல் கடந்தது. சங்கம் ஏன் கடக்கக் கூடாது?



"கொரியாவைப் பாருங்கள்" என்று நமக்குப் புத்தி சொல்லாதவர்கள் குறைவு. சம்பளப் பேச்சுவார்த்தை நெருங்கினால் கம்பனிக்காரர் சொல்வார்கள். தேர்தல் மேடையில் அரசியல்வாதி சொல்வார். ஒரு காலத்தில் பஞ்சத்தில் கிடந்த நாடு, வேலைநிறுத்தம் என்று காலத்தை வீணாக்காமல் உழைத்தது, அதனால் உயர்ந்தது என்பார்கள். நாம் சங்கம், சந்தா, போராட்டம் என்று அலைவதால்தான் இன்னும் லயத்தில் இருக்கிறோமாம்.

பார்க்கச் சொன்னால் பார்ப்போம். பாதியை அல்ல, முழுவதையும் பார்ப்போம்.

ஹுண்டாய் என்றால் நமக்குத் தெரிந்தது கார். அந்தக் கார் கம்பனி பிறந்தது 1967இல். அதே பெயரிலுள்ள கட்டுமானக் கம்பனி அதற்கு 20 வருடம் மூத்தது. ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த சுங் ஜூ-யுங் 1947இல் அதைத் தொடங்கினார். 1965இல் தாய்லாந்தில் பட்டானிக்கும் நரதிவாட்டுக்கும் இடையே 98 கிலோமீட்டர் வீதி போடும் வேலையைப் பிடித்தது. கொரியக் கம்பனியொன்று வெளிநாட்டில் பெற்ற முதல் பெரிய கட்டுமான ஒப்பந்தம் அது. அதில் நட்டம்தான் வந்தது. ஆனால் வேலை பழகியது.

1973இல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. வளைகுடா நாடுகளில் பணம் குவிந்தது. துறைமுகமும் வீதியும் தொழிற்சாலையும் கட்ட ஆள் தேடினார்கள். 1976இல் சவூதி அரேபியாவின் ஜுபைல் கைத்தொழில் துறைமுகத்தைக் கட்டும் ஒப்பந்தத்தை ஹுண்டாய் கைப்பற்றியது. பெறுமதி 90 கோடி டொலருக்கும் மேல். மேற்கு நாடுகளின் பெரிய கம்பனிகளெல்லாம் போட்டிக்கு நிற்க, அவற்றைவிடக் குறைந்த விலை சொல்லி எடுத்தது. கடலுக்குள் நிறுத்த வேண்டிய இராட்சத இரும்புச் சட்டங்களைத் தன் நாட்டின் உல்சான் நகரில் செய்து, ஏறக்குறைய 12,000 கிலோமீட்டர் கடல்வழியே இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தது. இது கெட்டித்தனமான வேலை. அதை நாம் மறுக்கவில்லை.

நாம் கேட்பது ஒரு சின்னக் கேள்வி. மற்றவர்களை விடக் குறைந்த விலைக்கு எப்படி முடிந்தது? இரும்பின் விலையும் சீமெந்தின் விலையும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிதாகக் குறைக்கக் கூடியது ஒன்றே ஒன்று: மனிதனின் கூலி.

அந்தக் கூலி எப்படிக் குறைவாகவே இருந்தது என்பதையும் பார்ப்போம். 1970 நவம்பர் 13ஆம் திகதி சியோல் நகரில் ஜியோன் தே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, தொழிற்சட்டத்தை அமுல்படுத்தச் சொல்லித் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். சட்டம் புத்தகத்தில் இருந்தது, தொழிற்சாலைக்குள் இல்லை. கூட்டு ஒப்பந்தம் தாளில் இருக்க, மலையில் வேறு கணக்கு நடப்பதைக் கண்ட நமக்கு இது புரியும். அடுத்த வருடம் டிசம்பரில் பார்க் சுங்-ஹீயின் அரசாங்கம் தேசியப் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தது. கூட்டாகப் பேரம் பேசவும் வேலைநிறுத்தம் செய்யவும் அதிகாரிகளின் அனுமதி வேண்டும் என்றது. வாய்ப்பூட்டுப் போட்ட நாட்டிலிருந்துதான் கம்பனிகள் வளைகுடாவுக்குக் கப்பல் ஏறின. "போராடாமல் உழைத்தார்கள்" என்று இன்று நமக்குச் சொல்லப்படும் கதையின் உள்ளே இருப்பது இது.

போராடாமலும் இருக்கவில்லை. 1977 மார்ச் மாதத்தில் ஜுபைல் வேலைத்தளத்திலேயே கொரியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டு எழுந்தார்கள். சம்பளமும் தாங்கள் நடத்தப்பட்ட விதமும் காரணம். வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்ட நாட்டில், தாய்நாட்டிலும் சங்கம் நசுக்கப்பட்டிருந்த வேளையில் எழுந்தார்கள். நமக்குப் புத்தி சொல்பவர்களின் பேச்சில் அந்தத் துறைமுகம் வரும், இந்த எழுச்சி வராது.

1980களின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியர் மத்திய கிழக்கில் வேலை செய்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள். அது அவர்களது வியர்வை. ஆனால் உள்நாட்டில் கொரியத் தொழிலாளியின் சம்பளம் உண்மையாக நிமிர்ந்தது 1987க்குப் பிறகு. அந்த வருடம் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நாடெங்கும் தொழிலாளர் வெளியே இறங்கினார்கள். உல்சானில் ஹுண்டாய் குழுமத் தொழிற்சாலைகளிலேயே, முதலாளியின் விருப்பத்தை மீறிச் சங்கங்கள் பிறந்தன. சம்பளம் ஏறியது. கொரியாவின் உயர்வில் எமக்குப் பாடம் இருக்கிறது என்றால் அது இந்த 1987தான்.

சங்கம் வந்தால் கம்பனி மூடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஹுண்டாய் கட்டுமானக் கம்பனி ஒரு தடவை விழத்தான் செய்தது. 2000ஆம் ஆண்டில் கடன் கழுத்தை நெரித்தது. மறு வருடம் கடன் கொடுத்த வங்கிகளின் கைக்குப் போனது. வேலை முடித்துக் கொடுத்த ஈராக்கிலிருந்து வரவேண்டிய 100 கோடி டொலர் அளவான பாக்கி வராததும் அந்தச் சுமையில் ஒன்று. கணக்குப் பிழைத்தது மேலே, பழி மட்டும் ஏன் கீழே இறங்க வேண்டும்? அந்தக் கம்பனி பிழைத்தெழுந்தது. கொழும்புத் துறைமுகத்தின் புதிய அலைதடுப்பை 2008இலிருந்து 2012 வரை கட்டியதும் அதுதான். 2019இல் திறந்த கட்டார் தேசிய நூதனசாலையைக் கட்டியதும் அதுதான்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கொரியரின் கூலி ஏற ஏற, கொரியக் கம்பனிகள் வளைகுடாவில் கொரியத் தொழிலாளரைக் குறைத்தன. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், பங்களாதேஷ், இந்தியா என்று ஆள் எடுத்தன. ஒரு நாட்டுத் தொழிலாளி எழுந்து நின்றால், இன்னும் குனிந்து நிற்கும் நாட்டைத் தேடிப் போவது இந்தத் தொழிலின் வழக்கம். ஒரு கம்பனியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எல்லாரும் செய்வது இதுதான். அந்த வரிசையில் இப்போது நம் தோட்டத்துப் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

எத்தனை லயங்களில் இன்று ஒரு பிள்ளை கட்டாரிலோ சவூதியிலோ துபாயிலோ சாரம் கட்டுகிறது, கம்பி கட்டுகிறது, கொங்கிரீட் கொட்டுகிறது! மலையில் கிடைக்கும் சம்பளத்தில் குடும்பம் ஓடாததால் போகிறார்கள். போகாதே என்று சொல்ல எமக்கு வாய் வராது. ஆனால் போகும் விதத்தைப் பாருங்கள். அம்மாவின் தோடு அடகில். வட்டிக்கு வாங்கிய காசு முகவர் கையில். இங்கே சொன்ன சம்பளம் ஒன்று, அங்கே இறங்கியதும் கையெழுத்து வாங்கும் தாளில் வேறொன்று. கடவுச்சீட்டை யாரோ வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடன் தீரும்வரை வாய் திறக்க முடியாது.

இதை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? நம் பாட்டன் பூட்டனைக் கங்காணி கூட்டிவந்தது இப்படித்தான். வழிச்செலவு கடனாக எழுதப்பட்டது. அந்தக் கடன் தொகை எழுதிய துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற முடிந்தது. கடனைக் கட்டுபவனே ஆளுக்குச் சொந்தக்காரன். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. நூறு வருடம் கழித்து அது விமானம் ஏறி, வீசாவாக வந்து நிற்கிறது.

துண்டு ஒழிந்தும் நம்மவர் பயம் உடனே ஒழியவில்லை. தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாத காலத்தில், நடேசையர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் எழும்பியது அப்படித்தான். இன்று வளைகுடாவின் தொழிலாளர் முகாம்களின் வாசலும் அன்றைய தோட்டத்து வாசல் மாதிரியே இருக்கிறது. சவூதியில் சங்கத்துக்கு இடமில்லை. கட்டாரில் வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் அமைக்க முடியாது. 2034 உலகக் கிண்ண உதைபந்தாட்டம் சவூதிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இனி அங்கே மைதானம், ஹோட்டல், ரயில்பாதை என்று வேலை குவியும். முகவர்கள் தோட்டம் தோட்டமாக ஏறி வரப்போகிறார்கள்.

வாசல் திறக்காது என்று யாரும் கைவிட வேண்டாம். கட்டாருக்கு எதிராக 2014இல் சர்வதேசத் தொழில் அமைப்பில் முறைப்பாடு வைத்தவர்கள் பல நாட்டுத் தொழிலாளர் பிரதிநிதிகள். அந்த அழுத்தத்தின் பின்தான், முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்ற சட்டம் 2020இல் வந்தது. 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. முழு உரிமை இல்லை, ஆனால் தானாக விழுந்ததும் இல்லை. கொரியாவிலேயே, வெளிநாட்டுத் தொழிலாளர் 2005இல் கட்டிய சங்கத்தைப் பத்து வருட வழக்குக்குப் பின், 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வீசா இல்லாத தொழிலாளிக்கும் சங்கத்தில் சேரும் உரிமை உண்டு என்றது. "கொரியாவைப் பாருங்கள்" என்பவர்கள் இதையும் பார்க்கட்டும்.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது இவை. ஆள் அனுப்ப மற்ற நாடுகளோடு செய்யும் ஒப்பந்தங்களில் தொழிற்சங்கங்களையும் உட்கார்த்த வேண்டும். ஆட்சேர்ப்புச் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும். தூதரகங்களின் தொழிலாளர் பிரிவில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் தமிழில் கையில் கிடைக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளிடமும் மாதர் சங்கங்களிடமும் நாம் கேட்பது இவை. வெளிநாடு போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், கம்பனியின் பெயரையும், முகாம் இருக்கும் ஊரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்காமல் ஒரு சதம் கொடுக்க விடாதீர்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தின் பிரதியும் கடவுச்சீட்டின் பிரதியும் வீட்டில் இருக்கட்டும். போகும் பிள்ளை சந்தாவை நிறுத்த வேண்டியதில்லை, அங்கத்துவம் தொடரட்டும். சம்பளம் வராத முதல் மாதமே வீட்டார் தலைவரிடம் வந்து சொல்லட்டும், மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

கம்பனிகளுக்குக் கடல் ஒரு தடையாக இருந்ததில்லை. நமக்கும் இருக்கத் தேவையில்லை. அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கொப்பியை முதல் விஷயமாக எடுங்கள்.