சீட்டு எழுதாதவர்களுக்கும் மருந்து தெரிய வேண்டும்



இந்த இதழை வலி மருந்துகளுக்கென ஒதுக்கியிருக்கிறோம். உங்களில் பெரும்பாலோர் இயன்முறை மருத்துவர்கள், செவிலியர்கள். மருந்துச்சீட்டு எழுதுவது உங்கள் வேலை இல்லை. அதனால் மருந்து டாக்டர் பாடு, பயிற்சியும் பராமரிப்பும் நம் பாடு என்று ஒதுங்கிவிடத் தோன்றும். ஒதுங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தப் பக்கம்.

டாக்டர் எதிரே நோயாளி உட்கார்வது சில நிமிடம்தான். உங்களோடு அவர் இருக்கும் நேரம் அதிகம். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் செவிலியரும் வீட்டுக்கே போகிறார்கள். முட்டியை மடக்கி நீட்டும்போதும் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதும்தான், “மெடிக்கல்ல கேட்டு இன்னொரு வலி மாத்திரையும் போட்டுக்கறேன் சிஸ்டர்” என்ற பேச்சு வரும். அதில் உள்ள ஆபத்து, மருந்தைப் பற்றி அறிந்தவர் காதில்தான் விழும்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். டோலோ, கால்பால், குரோசின் என்று அட்டையில் பெயர் வேறு, மருந்து ஒன்றே. அசிக்ளோஃபெனாக் கலந்த பல வலி மாத்திரைகளிலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறது. மூன்று அட்டையிலிருந்து எடுத்துப் போடுகிறவர், மூன்றும் வேறு வேறு என்றே நம்புவார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. மெலிந்தவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் அதுவே அதிகம். வரம்பு மீறினால் கெடுவது ஈரல். முதல் நாளில் அது வெளியே தெரியாமலும் போகலாம்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மருந்துகள், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் காட்டிய ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புராஸ்டகிளாண்டின்தான். வலியைக் குறைக்கும் மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்குவது இதனால்தான். சுகரால் சிறுநீரகம் தளர்ந்தவர், பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் எடுப்பவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் ஆகியோரில் யாராவது கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் போடுகிறார் என்றால், அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவியுங்கள். மலம் கறுத்துப் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், கபாபென்டின் மருந்துகளால் தலை சுற்றும், தூக்கம் அழுத்தும், காலும் வீங்கலாம். அமிட்ரிப்டிலின் எடுப்பவருக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியலாம். நடைப்பயிற்சிக்கு முன் அவரைக் கட்டிலோரம் சற்று உட்காரவைத்து, பிறகு எழுப்புங்கள். மருந்தளவு அண்மையில் கூடியதா என்றும் கேளுங்கள். “மனநோய் மாத்திரையை எழுதிட்டாங்க” என்று அவர் வருத்தப்பட்டால், குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்கும் மருந்து என்று புரியவையுங்கள். இம்மருந்துகளைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

வலி மருந்தான டிரமடால் 2018-இல் இந்தியாவின் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அது வலிப்பைத் தூண்டக்கூடும். முன்பு வலிப்பு வந்ததுண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற இரண்டு கேள்விகளை நீங்களும் கேட்கலாம்.

மார்ஃபினைப் பற்றிய பயம் பெரிது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் அது வெகு காலம் எளிதில் கிடைக்கவில்லை. 2014-இல் வந்த திருத்தம் நடைமுறைகளை இலகுவாக்கியது. வீட்டில் உள்ள பயத்தைச் சட்டத் திருத்தம் போக்காது. “போதை மருந்தாமே, பழக்கமாயிடுமா?” என்று மகள் கேட்பது உங்களிடம்தான். புற்றுநோயின் கடும் வலிக்கு அது உரிய மருந்து. டாக்டர் சொன்ன அளவில், கண்காணிப்போடு கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் வரும் குமட்டல் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. அதற்கான மருந்து கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். எழுப்ப முடியாத மயக்கமும் மெதுவாகிப்போன மூச்சும் அவசர நிலை.

மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் அளவைக் கூட்டுவதும் எழுதிக்கொடுத்தவரின் பொறுப்பு. அதில் நாம் கை வைக்கக் கூடாது. என்ன மருந்து, எவ்வளவு, எப்போதிலிருந்து, நீங்கள் கண்டது என்ன என்ற நான்கையும் தெளிவாக அவரிடம் சேர்ப்பது உங்கள் கடமை. அதில் அடக்கமோ தயக்கமோ வேண்டாம்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு நோயாளியிடமும், கடையில் வாங்கியது உட்பட வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டதை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்