சிறுவிசையின் பெரும்பயன்

போடிநாயக்கனூர்ச் சந்தையில் கிடைக்கும் ஏலக்காயில் 30 கிராம் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது கையை அழுத்தும் விசை எத்துணைச் சிறியது! ஏறக்குறைய அவ்வளவே விசை தரும் மின்னுந்துபொறி ஒன்றை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1,000 மணி நேரம் இயக்கிச் சோதித்து, 2025 ஆம் ஆண்டில் வெற்றி கண்டது. அப்பொறிக்கு 5.4 கிலோவாட் மின்திறன் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் கிணறுகளில் நீர் இறைக்கும் 7 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஈடானது அது. “இத்துணை மின்சாரம் செலவிட்டும் இவ்வளவுதானா பயன்?” என்று நகைப்பாரும் உளர். அந்நகைப்புப் பொருந்தாது என்பதே என் துணிபு.

செனான் என்னும் வளியின் அணுக்கள் இப்பொறியில் மின்னூட்டம் பெற்று அயனிகளாகின்றன. மின்புலம் அவற்றை நொடிக்கு 15 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் பின்னோக்கி வீசுகிறது. விண்கலம் முன்னோக்கி நகர்கிறது. எரிபொருளை எரிக்கும் பொறிகளிலோ அவ்விரைவு 3 கிலோமீட்டர் அளவே. வீசும் விரைவு மிகுந்தால் வீச வேண்டிய பொருள் குறையும். விண்வெளியில் தடுக்கும் காற்று இல்லை. ஆதலின் சிறுவிசையும் நாள்தோறும் திரண்டு பெருவிரைவாகிறது.

இச்சிக்கனம் நமக்கு இன்றியமையாதது. உயர்பாதைக்குச் செல்லும் செயற்கைக்கோளின் எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருளே. நம் ஏவுகலம் சுமப்பதோ 4 டன் அளவு. ஆகவே, 2018 இல் 5,854 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-11 பிரெஞ்சு கயானாவிலிருந்தும், 2024 இல் 4,700 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-என்2 அமெரிக்காவிலிருந்தும் அயலார் ஏவுகலங்களில் சென்றன. எரிபொருட்சுமை குறைந்தால் இத்தகையவற்றை நம் மண்ணிலிருந்தே ஏவலாம் அன்றோ?

குறைகளும் உண்டு. மின்னுந்துபொறி தரையிலிருந்து கலத்தை எழுப்ப மாட்டாது. உயர்பாதையை அடையவும் திங்கள் பல ஆகும். 2010 இல் மின்னுந்துபொறிகளைத் தாங்கிய ஜிசாட்-4, ஏவுகலம் பழுதுற்றதால் வங்கக் கடலில் வீழ்ந்தது. ஆயினும் அம்முயற்சி நின்றுவிடவில்லை. 2017 மே 5 அன்று ஏவப்பெற்ற தெற்காசியச் செயற்கைக்கோளில் மின்னுந்துகை இடம்பெற்றது.

பெரியாற்று அணை எழுந்தபோதும் வெள்ளம் கட்டுமானத்தை அடித்துச் சென்றது. பென்னிகுயிக் மனம் தளரவில்லை. 1895 இல் அணை திறக்கப்பெற்றது. மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. அந்நீரே இன்று லோயர் கேம்ப்பில் மின்சாரமும் தருகிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். விண்ணில் கலத்தை நகர்த்தும் சிறுவிசைக்கும், அதனை உருவாக்கும் அறிஞரின் உழைப்புக்கும் அம்மொழி ஒருங்கே பொருந்தும். மாணவர்களே, விசை சிறிதென்று இகழாதீர். விடாது தொடர்தலே வலிமை.