மஞ்சள் விளக்கும் கொள்ளுக் கொடியும்

பொங்கல் முடிஞ்ச மறுவாரம் சென்னையிலிருந்து தங்கச்சி மகன் காரில் வந்திருந்தான். மேட்டுக்காட்டைப் பார்க்கிறேன்னு போனவன் திரும்பி வந்து, "மாமா, டேஷ்போர்டுல ஏபிஎஸ்னு மஞ்சள் விளக்கு எரியுது, அணையவே மாட்டேங்குது" என்றான். பிரேக் பிடிக்குதான்னு கேட்டேன். நல்லாப் பிடிக்குதாம். "அப்புறம் என்ன மாப்ள, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது தப்பு.

ஏபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் சாதா பிரேக் பிடிக்கும். அதனால்தான் பலரும் ஏமாந்து போகிறோம். நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஆளுக்கொரு சென்சார் உட்கார்ந்து, சக்கரம் எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். திடீர்னு மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் இறுகிப் போனால், கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், ஒரு நொடிக்குள் பல தடவை. சக்கரம் இறுகாததால் ஸ்டியரிங் நம்ம கையில் இருக்கும். ஒரு சென்சார் பேசாமல் போனாலும் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் மழையில் முசிறி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே ஓடி வந்தால், மிதித்த மிதியில் சக்கரம் இறுகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே வழுக்கிக்கொண்டு போகலாம். 2019 ஏப்ரலில் இருந்து நம்ம நாட்டில் விற்கிற எல்லாப் புதுக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்று வைத்தது சும்மா இல்லை.

மறுநாள் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பானெட்டைத் திறந்து பார்த்தார், "ஏபிஎஸ் யூனிட்டே போயிருச்சு, நாப்பதாயிரத்துக்கு மேல ஆகும்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தர், "எதுக்குங்க அவ்வளவு செலவு? பல்பைக் கழட்டிட்டா முடிஞ்சுது" என்றார். ஒருத்தர் பார்க்காமலே மாற்றச் சொல்கிறார், இன்னொருத்தர் பார்க்கவே வேண்டாம் என்கிறார். இலை மஞ்சளானதும் வேரைப் பார்க்காமல் மருந்துக் கடைக்கு ஓடுகிற வாழைக்காரனும், மஞ்சள் இலையை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவனும் எங்க ஊரிலேயே இருக்கிறார்கள். ரெண்டு பேர் தாரும் ஒரே மாதிரி சிறுத்துத்தான் போகும்.

கடைசியில் நாமக்கல்லில் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். லாரி வேலை பார்த்துப் பழகின கை. முதலில் பிரேக் ஆயில் அளவைப் பார்த்தார், அப்புறம் ஃபியூஸ், பேட்டரி. பிறகு ஸ்கேனரைச் செருகினார். முன்பக்க இடது சக்கர சென்சாரின் சர்க்யூட் என்று வந்தது. "கோடு சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்லலைங்க, அந்தப் பக்கம் போய்ப் பாருன்னுதான் சொல்லுது. சேறு அப்பியிருக்கலாம், பேரிங் ஆடலாம், எலி ஒயரைக் கடிச்சிருக்கலாம்" என்றவர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழட்டினார்.

உள்ளே அச்சைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி காய்ந்த கொள்ளுக் கொடி. அது இழுத்த இழுப்பில் சென்சார் ஒயர் அறுந்து தொங்கியது.

எனக்கு முகம் சுண்டிப்போச்சு. மேட்டுக்காட்டு ரோட்டில் அந்தக் கொள்ளைப் பரப்பி வைத்ததே நான்தான். வண்டி ஏறி ஏறிக் காய் உடையட்டும், அடிக்கிற கூலி மிச்சம் என்கிற கணக்கு. களத்தில் இடம் கிடைக்காதபோது நாங்கள் எல்லாரும் செய்கிறதுதான். மாப்பிள்ளை ஓரமாக ஏற்றிப் போயிருக்கிறான், இடது சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

ஒயரை ஒட்டுப் போடலாமான்னு கேட்டேன். சக்கரத்தோடு ஆடுகிற ஒயர், பிரேக் சமாச்சாரம், வேண்டாம் என்று சொல்லி ஒயரோடு சேர்ந்த புது சென்சாரையே போட்டார். கூலியோடு மூவாயிரத்துக்குள் முடிந்தது. கோடை அழித்து, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்ததும் விளக்கு அணைந்தது.

பட்டணத்துச் சொந்தங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அந்த விளக்கு இடத்தைக் காட்டும், என்ன வாங்கணும்னு காட்டாது. சக்கரத்தைக் கழட்டிப் பார்க்காமல் பெரிய தொகை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஓட்டவே வேண்டாம். பழைய கார் வாங்கும்போது சாவியைத் திருப்பினதும் ஏபிஎஸ் விளக்கு ஒருதரம் எரிந்து அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழட்டியிருக்கலாம்.

ரோட்டில் கொடியோ தட்டையோ கிடந்தால் வேகத்தைக் குறையுங்கள், தாண்டினதும் இறங்கி அடியில் ஒருதரம் குனிந்து பாருங்கள். சுற்றிய தாள் சூட்டில் தீப்பிடித்த வண்டிகளும் உண்டு.

எங்க பக்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஊருக்குப் போதுமான உலர்களம் கட்டித் தரச்சொல்லி நாங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. அது வருகிற வரைக்கும் அடுத்தவன் பிரேக்கில் எங்க கூலியை மிச்சம் பிடிப்பது நியாயமில்லை. மிச்சமிருந்த கொள்ளை அன்று சாயங்காலமே வாரிக் கொண்டுபோய்க் காட்டில் தார்ப்பாய் விரித்து அடித்தோம். கூலி எண்ணூறு ரூபாய் ஆச்சு. மாப்பிள்ளைக்கு நான் வைத்த செலவைவிட அது குறைவுதான்.