பழகிவிடும் என்போருக்கு

“இரைச்சலா? நாளடைவிற் பழகிவிடும்!” பெருந்தெருவோரத்துப் பாடசாலைகளைப் பற்றி நாம் முறையிடும்போதெல்லாம் கிடைக்கும் மறுமொழி இதுவே. இவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் மதில் சூழ்ந்த மனைகளில் அமைதியாகத் துயில்பவர்கள். காது பழகிவிட்டதுபோல் தோன்றலாம். அப்பழக்கத்தின் விலையை மூளை கொடுத்துக்கொண்டே இருக்கின்றது.

ஓயாத பேரிரைச்சலை மூளை ஆபத்தின் அறிகுறியாகவே கொள்கின்றது. உடனே சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரினலீனையும் கோட்டிசோலையும் குருதியிற் சொரிகின்றன. பகையைக் கண்டு ஓட இவை உதவும். பாடங் கற்க உதவா. நினைவைப் பதிக்கும் ஹிப்போகம்பஸ் என்னும் மூளைப்பகுதியிலே கோட்டிசோலை ஏற்கும் வாங்கிகள் நிறைந்துள்ளன; ஆதலால் நெடுங்கால மிகை அதனைத் தாக்குகின்றது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 1998இல் குரங்குகளை ஆராய்ந்தனர். இரைச்சல் முன்மூளையில் டொபமீனை மிகுவித்து, சற்றுமுன் கண்டதை மனத்தில் இருத்தும் ஆற்றலைக் குலைப்பதாக அவர்கள் காட்டினர்.

குரங்குகளை விட்டுக் குழந்தைகளிடம் வருவோம். நியூயோர்க் நகரிலே ஒரு பாடசாலையின் ஒருபுறத்தை ஒட்டி, உயரப் பாலத்தின்மீது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புகையிரதம் ஓடியது. அப்புறத்து வகுப்புகளின் ஆறாந்தர மாணவர், அமைதியான மறுபுறத்து மாணவரைவிட வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர் என்று ஆர்லீன் புரொன்சாவ்ற் 1975இல் எடுத்துக்காட்டினார். பின்னர் தண்டவாளத்தின் கீழ் றப்பர் மெத்தைகள் இடப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஒலியுறிஞ்சும் தகடுகள் பொருத்தப்பட்டன. 1981இல் வெளிவந்த ஆய்விலே அந்த வேற்றுமை மறைந்திருந்தது. பிள்ளைகளின் தலையெழுத்தை மாற்றியது தெய்வமன்று, றப்பர்!

ஜேர்மனியின் மியூனிக் நகரத்து விமான நிலையம் 1992இல் இடம் மாறியது. பழைய நிலையத்தருகே வாழ்ந்த பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் இரைச்சல் ஓய்ந்தபின் தேறின. புதிய நிலையத்தருகே வாழ்ந்தோரிடம் அவை நலிந்தன; அவர்களின் உடலில் அதிரினலீனும் உயர்ந்தது. இதற்குப் பின்னரும் ‘பழகிவிடும்’ என்பது அறியாமையா, கல்நெஞ்சமா?

உண்மையில் அந்தப் பழக்கமே ஒரு கேடு. இரைச்சலைக் கேளாதிருக்கப் பழகும் பிள்ளை, ஆசிரியரின் குரலையும் கேளாதிருக்கப் பழகுகின்றது. அதனை நாமோ ‘மந்தபுத்தி’ என்கிறோம். தேர்ச்சி அறிக்கையிலே ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கைகழுவுகிறோம்.

வாகனமும் இயந்திரமும் ஒலிபெருக்கியும் ஓலமிடும் இடத்திலேயே ஏழைக்குக் குடியிருப்பும் பாடசாலையும் வாய்க்கின்றன. அமைதி விலைகொடுத்து வாங்கப்படும் பண்டமாகிவிட்ட சமுதாயத்தில், நினைவாற்றலும் வசதிபடைத்தோரின் உடைமையாகிவிடும். இருசாராரையும் ஒரே பரீட்சை மண்டபத்தில் இருத்தி, ‘திறமைக்கே முதலிடம்’ என்று முழங்குவது நீதியாகுமா?

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளையின் மறதியைப் பழிக்குமுன் வகுப்பறையின் சாளரத்துக்கு வெளியே செவிகொடுங்கள். மதிலும் மரவரிசையும் ஒலித்தடுப்பும் அரசு நமக்கு இடும் பிச்சையல்ல. கரும்பலகையைப் போலவே அமைதியும் கல்விக்கு இன்றியமையாத கருவி; அதனை உரிமையாகவே கேட்போம்.