கண்ணாடியைக் கடிந்து கொள்ளலாமா?

தொல்காப்பியர் நூலின் வனப்பினை எட்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றுக்கு 'விருந்து' எனப் பெயரிட்டார். புதிதாகப் புனையப்படுவதே விருந்து. அவர் செய்யுளைக் கருதிக் கூறினாரேனும், கடல் கடந்து வந்து நம் இல்லத்தில் தங்கிவிட்ட நாவலையும் அப்பெயரால் அழைத்தல் பொருந்தும். 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது முதல் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அவ்விருந்தினர் நம்மோடு வாழ்ந்து வருகின்றார். விருந்தினர் வீட்டாராகிவிட்டால் வீட்டின் குறைகளையும் பேசத் தொடங்குவார். அப்பேச்சை நாம் எவ்வாறு செவிமடுப்பது என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாகும். ஆய்வாளர் என்ற நிலையை விடுத்து, வாசகர் என்ற நிலையில் நின்று, பழைய நாவல்களும் புதிய நாவல்களும் என் உள்ளத்தில் பதித்த எண்ணங்கள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

குறையற்ற தலைவன்

தமிழ் நாவல் தோன்றிய ஆறே ஆண்டுகளில், 1885-இல், கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்திலெவ்வை மரைக்காயர் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். வழக்கறிஞராகவும், 'முஸ்லிம் நேசன்' இதழின் ஆசிரியராகவும், கல்விப் பணியாளராகவும் விளங்கிய அப்பெரியார் நாவல் துறையிலும் முன்னோடியாக நின்றமை நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே களவாடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, பல இன்னல்களைக் கடந்து மீண்டும் தன் குடும்பத்தை அடையும் அசன் வீரமும் கல்வியும் நற்பண்பும் ஒருங்கே வாய்ந்தவன். ஆங்கிலக் கல்வியின்பால் தம் சமுதாயம் தயக்கம் காட்டிய காலத்தில், இளைஞர் கண்முன் நிறுத்தத்தக்க ஒரு தலைவனை ஆசிரியர் படைத்துக் காட்டினார். அந்நோக்கம் போற்றுதற்குரியது.

எனினும், வாசகர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அசன்பேயைக் கண்டு நாம் வியக்கின்றோம். அவனுக்காக நம் கண் கலங்குவதில்லை. குறையற்றவனை வணங்கலாம், அவனோடு அமர்ந்து உறவாடுதல் அரிது. காப்பியத் தலைவனின் நிழல் அவன்மீது இன்னும் படிந்திருப்பதே அதற்குக் காரணம் எனலாம்.

தன்னூரைப் பார்த்துச் சிரித்தவர்

தமிழ் நாவல் அந்நிழலினின்று விலகத் தொடங்கியமைக்குப் பி.ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' சிறந்த சான்றாகும். 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் தொடராக வந்த அக்கதையில், ராஜமையர் தாம் பிறந்த சமூகத்தின் வாழ்வையே எழுதினார். அங்குப் பெண்கள் கூடிப் புறங்கூறும் கூட்டத்திற்கு 'வம்பர் மகாசபை' எனப் பட்டம் சூட்டினார். ஒரு வீண்சொல் எவ்வாறு வளர்ந்து ஒரு குடும்பத்தைச் சிதைக்கிறது என்பதை இரக்கத்தோடும் நகைச்சுவையோடும் காட்டினார். தமிழாசிரியர் இனத்தையும் அவர் விட்டுவைத்தாரில்லை. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைப் படிக்குந்தோறும் தமிழாசிரியர் எவரும் சற்றே நாணிப் பின்னர் வாய்விட்டுச் சிரிப்பர். இருபத்தாறு வயதிலேயே மறைந்த அவ்விளைஞர் தம் ஊரை வெறுத்து எழுதினாரில்லை. நேசித்தமையாலேயே அதன் கோணல்களை அவரால் அத்துணைத் தெளிவாகக் காண முடிந்தது.

கடலோரத்துக் குரல்

அசன்பே தோன்றி ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், 1988-இல், தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' வெளிவந்தது. எகிப்தும் பம்பாயும் மறைந்து, தென்கோடிக் கடற்கரையிலுள்ள ஒரு சிற்றூர் அங்கே கதைக்களமாகின்றது. செல்வச் செருக்கில் ஊரை ஆளும் அகமதுக்கண்ணு முதலாளி, பாமரர் நம்பிக்கையைத் தம் பிழைப்பாக்கிக் கொள்ளும் தங்ஙள், ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் நுழைவதை மார்க்கத்தின் பெயரால் தடுக்க முனைவோர், இவர்களுக்கிடையே நலிந்து வாழும் ஏழையர் என அங்குக் காணும் மாந்தர் அனைவரும் உயிருள்ளவர்கள். மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த குமரி மாவட்டப் பேச்சு முதற் பத்துப் பக்கங்களில் நம்மைத் தடுக்கும். அதன் பின்னர் அதுவே நம் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்.

அவருடைய 'சாய்வு நாற்காலி' 1997-ஆம் ஆண்டிற்கான சாகித்திய அக்காதெமி விருதினைப் பெற்றது. முன்னோர் ஈட்டிய மாளிகையில் சாய்ந்தபடியே, அதன் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்டு காலம் கழிக்கும் முஸ்தபாக்கண்ணுவை மறத்தல் இயலாது. உழைப்பின்றிப் பழம்பெருமை பேசி வாழும் எக்குடும்பத்திற்கும் எச்சமுதாயத்திற்கும் அந்நாற்காலி ஓர் எச்சரிக்கையாகும். தோப்பிலார் 2019-இல் மறைந்தார். அந்நாற்காலி இன்னும் நம்மிடையே கிடக்கிறது.

அடுக்களைக்கு அப்பால்

பெண்களின் நிலையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டபோது, உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். ஒரு முஸ்லிம் பெண்மணி தம் பெயரிலேயே நூல் வெளியிடுவது அந்நாளில் எளிய செயலன்று. 2004-இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. வீட்டுச் சுவர்களுக்குள் அடைபட்ட பெண்களின் ஏக்கமும் சினமும் நட்பும் அச்சமும் ராபியா முதலிய பல பெண்களின் வழியே அங்குப் பேசப்படுகின்றன. சில பகுதிகள் நம் கூச்சத்தைச் சோதிப்பன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்நூலை முடித்து வைக்கும்போது, நம் வீட்டுப் பெண்கள் நம்மிடம் சொல்லாதுவிட்ட செய்திகள் எத்தனையோ என்னும் எண்ணமே என் நெஞ்சில் மேலோங்கி நின்றது.

அச்சமும் விடையும்

இத்தகைய நாவல்களைக் குறித்து நம்மிடையே ஒரு மனக்குறை உண்டு. "நம் குறைகளை நாமே ஊரறியச் சொல்லலாமா? நம்மை ஐயத்தோடு நோக்குவோர் பலர் உள்ள காலத்தில் இவை அவர்கள் கைக்குக் கருவியாகி விடாவா?" என்பர். இக்கவலையை எள்ளி ஒதுக்குதல் தகாது. ஒரு சமுதாயத்தாரை ஒரே அச்சில் வார்த்துக் காட்டும் கதைகளும் திரைப்படங்களும் பெருகியுள்ள நிலையில் அவ்வச்சம் இயல்பானதே.

எனினும் இது நமக்கு மட்டும் உரிய அச்சமன்று. 1903-இல் அ. மாதவையா தம் சமூகத்துக் கைம்பெண் ஒருத்தியின் துயரை 'முத்துமீனாட்சி' நாவலில் எழுதினார். அதனால் மனம் புண்பட்டோர் பலர். இமையம் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' வாயிலாக, ஒடுக்கப்பட்டோருக்கும் கீழே ஒடுக்கப்பட்டுக் கிடக்கும் வண்ணார் குடும்பத்தின் அவலத்தைக் காட்டியபோதும், உள்வீட்டுச் செய்தியை வெளியே சொல்லலாமா என்னும் முணுமுணுப்பு எழாமலில்லை. தன் வீட்டைத் தானே நோக்கும் துணிவு வாய்ந்தோரால்தான் தமிழ் நாவல் வளர்ந்தது என்பது என் துணிபு.

மேலும், ஒரே அச்சில் வார்த்த பொய்யுருவை மற்றொரு பொய்யுருவால் அழித்தல் இயலாது. எல்லாரும் தீயவர் என்பதற்கு எல்லாரும் நல்லவர் என்பது விடையாகாது. அகமதுக்கண்ணுவின் செருக்கையும் அவ்வூர் ஏழையின் மானத்தையும் ஒருங்கே கண்ட வாசகர், அவர் எச்சமயத்தவராயினும், இனி முஸ்லிம்கள் என்றால் ஒரே முகத்தை நினைக்க மாட்டார். அவ்வகையில் முழு மனிதரைக் காட்டும் நாவலே நமக்குச் சிறந்த அரண். ஓர் இறைநம்பிக்கையாளரை மற்றவருக்குக் கண்ணாடியாக உவமிக்கும் நபிமொழியை நாம் அறிவோம். கண்ணாடி முகத்திலுள்ள கறையைக் கூட்டியும் காட்டாது, குறைத்தும் காட்டாது. கறையைக் கண்டபின் நாம் முகத்தைக் கழுவ வேண்டுமே அன்றிக் கண்ணாடியைக் கடிந்து கொள்ளுதல் அறிவுடைமையாகாது. அதே வேளையில், கூட்டிக் காட்டும் கண்ணாடிகளும் உண்டு. அவற்றை இனங்காணும் உரிமை நூலை முழுதாகப் படித்தவர்க்கே உரியது. பிறர் சொல்லக் கேட்டுச் சினப்போர்க்கு அவ்வுரிமை இல்லை.

மாணவர்க்கு ஒரு சொல்

இந்நாளில் நாவல் பாடமாக வைக்கப்பட்டாலும், மாணவர் பலர் கையேட்டின் கதைச்சுருக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். முந்நூறு பக்க வாழ்வை மூன்று பக்கத்தில் விழுங்குவோர்க்கு மதிப்பெண் கிட்டலாம், மனிதர் கிட்டார். ஆண்டுக்கு ஒரு நாவலையேனும் முழுதும் படித்து, கையேட்டின் துணையின்றித் தம் எண்ணத்தை இரண்டு பக்கம் எழுதும் பழக்கம் நம் துறையில் வேரூன்ற வேண்டும். நாவலைப் புகழ்ந்தே எழுத வேண்டும் என்பதில்லை, மறுத்தும் எழுதலாம். எழுத்து அவரவர் சொந்த எழுத்தாக இருத்தலே வேண்டுவது.

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவும், உங்கள் பாட்டிமார் சொல்லும் பழங்கதைகளும், வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர்க்காகக் காத்திருக்கும் வீடுகளும் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. சித்திலெவ்வையார் தொடங்கி வைத்த வரிசை நீண்டு வருகின்றது. அதில் உங்களுக்கும் இடம் உண்டு. முதலில் படியுங்கள்; பின்னர் எழுதுங்கள். எழுதும்போது உங்கள் ஊரை நேசித்து எழுதுங்கள். நேசிப்பதனாலேயே உண்மையையும் எழுதுங்கள்.