வீட்டில் கட்டும் காருக்கு எந்த எஞ்சின்?

தம் வீட்டுக் கராஜில் தம் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி முடித்து, அரச பரிசோதனைக்குக் கொண்டுசென்று, இலக்கத்தகடு பெற்றுத் தெருவில் ஓட்டுகின்ற சாதாரண மனிதர்கள் பிரித்தானியாவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், ஓய்வுபெற்ற தாதிமார் என்று அவர்களுள் பல வகையினர் உண்டு. நம் ஊரில் ஒருவர் பத்து வருடமாகச் சிறுகச் சிறுக வீடு கட்டுவதைப் போல அங்கே சிலர் கார் கட்டுகிறார்கள். பாதியில் நின்றுபோன வீடுகள் நம் ஊரில் இருப்பதைப் போலவே, பாதியில் நின்றுபோன கார்களும் அங்கே ஏராளம். 'வேலை முடியவில்லை, நேரமில்லை, விற்பனைக்கு' என்ற விளம்பரங்களை வாசித்தால் போதும். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பக் கதை இருப்பது புரியும்.

நான் மோட்டார்ப் பொறியியல் படித்தவனல்லன். கலைப் பட்டதாரி. ஆயினும் இவ்விடயத்தை நீண்ட காலமாக ஆர்வத்தோடு வாசித்து வருபவன் என்ற முறையில் எனக்கொரு கருத்து உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதற்தடவையாகக் கார் கட்டுகின்ற ஒருவர் குதிரைவலுவைப் பார்த்து எஞ்சினைத் தெரிவு செய்யக்கூடாது. கட்டி முடிக்க முடியுமா என்பதைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

இந்தக் கார்களுக்கெல்லாம் மூதாதை லோட்டஸ் செவன். கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் அதனை வெளியிட்ட ஆண்டு 1957. கதவு கிடையாது, கூரை பெயரளவில், இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த கூட்டுக்கு மேல் அலுமினியத் தகடு. ஆரம்பத்தில் அதிலே பூட்டப்பட்டது ஃபோர்டின் 1,172 சி.சி. பக்கவால்வு எஞ்சின். அதன் வலு வெறும் 40 குதிரை. கொழும்பில் ஓடுகின்ற அல்டோ காரின் வலுகூட அதைவிட அதிகம். அப்படியிருந்தும் செவன் விரைந்தோடியதற்குக் காரணம் எஞ்சின் அல்ல, பாரமின்மை. சப்மனின் மேதைமை காரில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதிலேயே இருந்தது.

அக்காலத்துப் பிரித்தானியாவில் முழுமையான புதிய காருக்குக் கொள்வனவு வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் வரி இல்லை. ஆனால் எப்படிப் பூட்டுவது என்று விளக்கும் கையேட்டைக் கொடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. இதற்கு லோட்டஸ் கண்ட வழியைப் பற்றி இன்றும் ஒரு கதை சொல்வார்கள். 'காரைக் கழற்றுவது எப்படி' என்று ஒரு கையேட்டைக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வாசித்துக்கொண்டால் சரி! வரி அதிகாரிகளை வெல்லும் சாமர்த்தியம் ஆசியர்களுக்கு மட்டுமே உரியதென்று நினைப்பவர்கள் இதைக் கவனத்திற் கொள்ளவும். 1973 இல் பெறுமதி சேர் வரி வந்தபோது அந்தச் சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவனின் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்கள் இன்றும் அதனைச் செய்கிறார்கள், பாகங்களாகவும் விற்கிறார்கள்.

பணமில்லாதவனுக்கும் இந்தக் கனவைத் திறந்துவிட்டது ஒரு புத்தகம். 250 பவுணுக்கு உங்கள் சொந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டலாம் என்று தலைப்பிலேயே அறிவித்து ரொன் சாம்பியன் என்பவர் 1996 இல் எழுதிய நூல் அது. பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட் ஒன்றை வாங்கிக் கழற்றுங்கள், ஓர் அங்குலச் சதுரக் குழாயை வாங்கி இந்த அளவுகளில் வெட்டி ஒட்டுங்கள் என்று அவர் சொன்னதை நம்பி உலகெங்கும் பலர் இறங்கினார்கள். 'லோகொஸ்ட்' என்று அந்த இனத்துக்கே பெயர் வந்துவிட்டது. காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள்: அன்று குப்பைக்குப் போன அந்த எஸ்கோர்ட்டுகள் இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். ஒழுங்கான ஒன்றை இன்று வெட்டிப் பிரித்து லோகொஸ்ட் கட்டுபவனைப் பைத்தியக்காரன் என்பார்கள்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவர் என் மருமகன், தமக்கையின் மகன். லண்டனுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறார். கணக்காளர். ஒற்றைக் கராஜ், ஒரு வெல்டிங் யந்திரம், பதினைந்து வயது மகன். மகனும் தானுமாக ஒரு காரைக் கட்ட வேண்டும் என்பது திட்டம். பையன் பதினெட்டு வயதில் பல்கலைக்கழகம் போய்விடுவான். ஆகவே கையிலிருப்பது மூன்று ஆண்டுகள், அதிலும் வார இறுதிகள் மட்டும். "மாமா, ஹயபுசா எஞ்சின் போடப்போகிறேன்" என்றார் தொலைபேசியில். குரலிலே இருந்த உற்சாகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

ஹயபுசா என்பது சுசுகி நிறுவனம் 1999 இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள். 1,300 சி.சி.க்குச் சற்றுக் குறைந்த எஞ்சின். 170 குதிரைவலுவுக்கு மேல். கியர் பொக்ஸும் சேர்ந்தே வருகிறது. அப்படியும் மொத்தப் பாரம் நூறு கிலோவுக்கு உள்ளேதான். பத்தாயிரம் சுற்றுவரை அது எழுப்பும் ஒலியைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு சாதாரணக் கார் எஞ்சினை மதிக்க மாட்டார்கள். செவன் போன்ற இலகுவான காருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன என்று கேட்கத் தோன்றும். கார்ப் பந்தயத் திடலுக்கு மட்டும் என்றால் நானும் ஆமென்பேன்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? மோட்டார் சைக்கிள் வளைவிலே சாயும். சாய்வதால் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் எப்போதும் தொட்டியின் அடியிலேயே நிற்கும். கார் சாய்வதில்லை. நீண்ட வளைவொன்றில் வேகமாகத் திரும்பினால் எண்ணெய் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். உறிஞ்சும் குழாய் காற்றை உறிஞ்சும். பத்தாயிரம் சுற்றில் எண்ணெயில்லாமல் பெயரிங்குகள் எத்தனை விநாடி தாங்கும்? இதற்கு மாற்றுவழிகள் இருக்கின்றன: தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கலாம், அல்லது எண்ணெயை வெளியே தனித் தொட்டியில் வைத்துப் பம்பினால் சுழற்றலாம். இரண்டுக்கும் காசும் வேண்டும், அனுபவமும் வேண்டும். இனி, அதன் கிளச்சும் கியர் விகிதங்களும் 215 கிலோ அளவிலான ஒரு வண்டியை இழுக்க உருவாக்கப்பட்டவை. அதைவிட இருமடங்கு பாரமுள்ள காரையும் இரண்டு மனிதரையும் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தால் தெரியும். ரிவேர்ஸ் கியரும் கிடையாது. அதற்கென்று தனிப்பெட்டியோ மின்மோட்டாரோ பூட்ட வேண்டும். ஒவ்வொன்றும் தீர்க்கக்கூடிய பிரச்சினைதான். ஆனால் ஒவ்வொன்றும் மூன்று நான்கு வார இறுதிகளைத் தின்னும். பையனின் மூன்று வருடத்தை நான் அப்படித்தான் கணக்கிட்டேன்.

பழைய காலத்துக்குப் போவோமா என்றால், ஃபோர்டின் 'கிறொஸ்ஃப்ளோ' எஞ்சின் இந்தக் கார்களின் பரம்பரைச் சொத்து. எளிமையானது, அழகானது, இப்போது விலை கூடியது. அதற்குப் பின் வந்த இரண்டு லீற்றர் 'பிண்டோ' உயரமும் பாரமும் கூடியது. அதன் தலை செவனின் தாழ்ந்த முன்மூடிக்குள் எளிதில் அடங்காது. ரோவரின் 'கே' வகை முழு அலுமினியம், மிக இலகுவானது. 1996 இன் லோட்டஸ் எலீஸ் காரிலும் அதுவே இருந்தது. ஹெட் கஸ்கட் போவதற்குப் பேர்போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்றைய சாதாரணக் கார்களின் எஞ்சின்கள் மலிவாகவும் வலுவாகவும் கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அவை பெரும்பாலும் முன்சில்லுகளை இயக்குவதற்காகக் குறுக்காக வைக்கப்பட்டவை. செவனில் எஞ்சின் நெடுக்காக நின்று பின்சில்லுகளை இயக்க வேண்டும். ஆகவே வேறொரு காரின் கியர் பொக்ஸ், இரண்டையும் இணைக்கும் கூடு, வெட்டிச் சிறுப்பித்த எண்ணெய்த் தொட்டி, அதற்கு மேலாக எஞ்சினின் கணினியைத் திருப்திப்படுத்தும் வயரிங் எல்லாம் வேண்டும். திறப்பை அடையாளம் காணாவிட்டால் இயங்க மறுக்கும் கணினியோடு மல்லுக்கட்டுவது கணக்காளருக்கு ஏற்ற பொழுதுபோக்கல்ல.

எஞ்சின் வலுவாக இருப்பது ஒன்று, பொறுத்துப்போவது வேறொன்று. இதை எனக்கு உணர்த்தியது யாழ்ப்பாணம். 1990 களின் முற்பகுதியில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் அங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் சிறு போத்தல்களில் துளி கணக்கில் கிடைத்தது. அதை விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் இருமலுமாகப் போய்ச் சேர்ந்தவை எவை? மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். அவற்றின் எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு. எதைக் கொடுத்தாலும் முணுமுணுத்துக்கொண்டு எரிக்கும். சாதாரண மெக்கானிக் ஒருவர் மரத்தடியில் திறந்து மூடக்கூடிய எஞ்சின்கள் அவை. உயர் அழுத்தமும் நுண்ணிய சரிபார்ப்பும் வேண்டிய எஞ்சினுக்கு அந்த வாழ்வு சாத்தியமில்லை. கென்ற் மாகாணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றப்போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பழகாத கைகளின் பிழைகளைத் தாங்கும் எஞ்சின் எது என்பதே கேள்வி.

அதற்கு என் விடை மஸ்டா எம்.எக்ஸ்-5. 1989 இல் வந்த கார். நெடுக்காக நிற்கும் எஞ்சின், பின்சில்லு இயக்கம், நல்ல கியர் பொக்ஸ், நான்கு சில்லுகளுக்கும் தனித்தனித் தொங்கல் அமைப்பு. செவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே காரில் இருக்கிறது. அதன் பெரிய நோய் துரு. கதவுக்குக் கீழுள்ள பகுதி அழுகி வருடாந்தப் பரிசோதனையில் தோற்றுவிடும். எஞ்சினோ ஆரோக்கியமாக இருக்கும். உடல் போன, இருதயம் நல்ல கார் மலிவாகக் கிடைப்பது கார் கட்டுபவனுக்கு அதிர்ஷ்டம்.

ஆரம்ப கால 1.6 லீற்றர் எஞ்சினின் வலு 115 குதிரை. மருமகன் இதைக் கேட்டதும் சிரித்தார். கணக்காளரிடம் கணக்கையே காட்டினேன். எம்.எக்ஸ்-5 இன் பாரம் சுமார் 950 கிலோ. ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 120 குதிரை. அதே எஞ்சினை 600 கிலோ காரில் வைத்தால் ஒரு தொன்னுக்கு 190 குதிரையைத் தாண்டும். எஞ்சினில் ஒரு திருகாணியையும் தொடாமல் கிடைத்த இலாபம் இது. "எல்லாரும் மஸ்டாதானே போடுகிறார்கள், அதில் என்ன தனித்துவம்?" என்றார். எல்லாரும் போடுவதால்தான் ஒவ்வொரு இடறலையும் யாரோ ஒருவர் முன்னரே கடந்து வழி சொல்லி வைத்திருக்கிறார். தனித்துவத்தை வர்ணத்தில் காட்டிக்கொள்ளலாம்.

குறைந்த வலுவை இன்னும் ஏளனம் செய்பவர்களுக்கு ஒரு செய்தி. கேற்றர்ஹாம் நிறுவனமே 2021 இல் '170' என்ற காரை வெளியிட்டது. அதிலிருப்பது சுசுகியின் 660 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், 84 குதிரைவலு. நம் தெருக்களில் மொய்க்கும் வாகன்-ஆர் கார்களும் அதே 660 சி.சி. வகுப்பைச் சேர்ந்தவைதான். கார் 440 கிலோ என்பதால் ஓட்டியவர்கள் முறையிடவில்லை.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. கையால் கட்டிய காரைப் பிரித்தானியத் தெருவில் விட 1998 முதல் தனிப் பரிசோதனை உண்டு; 2009 முதல் அது ஐ.வி.ஏ. எனப்படுகிறது. பிரேக், விளக்கு, இருக்கைப் பட்டியின் பிடிமானம் மட்டுமல்ல, வெளியே துருத்தும் விளிம்பு 2.5 மில்லிமீற்றர் ஆரையில் மழுங்கியிருக்கிறதா என்பதையும் அளந்து பார்ப்பார்கள். எஞ்சின் தயாரிக்கப்பட்ட காலத்தைப் பொறுத்துப் புகையின் அளவுகோல் மாறும். அக்காலத்தை நிரூபிக்கும் ஆவணம் வேண்டும். பல இடங்களில் பொறுக்கிய பாகங்களால் கட்டி, வயதை நிறுவ முடியாமற் போனால் 'கியூ' என்று தொடங்கும் இலக்கத்தகடு கிடைக்கும். ஓர் ஆவணத்தோடு வாங்கிய ஒரே காரிலிருந்து பாகங்கள் வந்தால் இந்தத் தலையிடி பெருமளவு குறையும்.

மின்மோட்டார் பூட்டலாமே என்று பேரப்பிள்ளை கேட்டானாம். நல்ல கேள்வி. மோட்டார் சிறியது, பற்றரி பெரியது என்பதே பதில். கேற்றர்ஹாம் 2023 இல் காட்டிய மின்சாரச் செவன் கிட்டத்தட்ட 700 கிலோ. பற்றரியின் பாரம் குறையும் நாளில் அவன் தன் மகனோடு அதைக் கட்டட்டும்.

மருமகன் இன்னும் முழுமனதோடு இணங்கவில்லை. இணங்கினால் நான் சொல்வது இதுதான். துருப்பிடித்த காரை வாங்கியவுடன் கழற்ற வேண்டாம். வருடாந்தப் பரிசோதனைச் சான்று இன்னும் சில வாரம் மிச்சமுள்ள ஒன்றைத் தேடி வாங்கிக் காப்புறுதியும் எடுத்து, அது முடியும்வரை ஓட்ட வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சின் எப்படி எழும்புகிறது, இரண்டாம் கியர் இடறுகிறதா, சூடேறியதும் எண்ணெய் அழுத்தம் எங்கே நிற்கிறது என்று கொப்பியில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடாத எஞ்சினைத் தரையிலே கிடத்தி 'நல்லது' என்று விற்பவரிடம் வாங்கினால் இவற்றில் எதுவும் தெரியவராது. பிறகு கழற்றலாம். கதவு, கூரை, இருக்கை, கண்ணாடி எல்லாவற்றையும் விற்றால் கொடுத்த விலையில் ஒரு பகுதி திரும்பும். வயர்களை வெட்டக்கூடாது, ஒவ்வொரு இணைப்பையும் படம் பிடித்து, சிறு துண்டில் பெயரெழுதிக் கட்டிய பின்னரே பிரிக்க வேண்டும். எழுதிக் கட்டும் வேலையைப் பையனிடம் விடலாம், அவனுடைய கையெழுத்துத் தகப்பனுடையதைவிடத் தெளிவானது.