வாயைத் திறந்து பறக்கவிடு ராசா

அக்கா பையன் திருவனந்தபுரத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். போன வாரம் போன். "மாமா, நாலு மாசமா செஞ்ச ப்ளேன் போச்சு. எதிர்ல வந்தவன் பார்க்கவே இல்ல."

மாதிரி விமானப் போட்டி. முந்தின நாள் பயிற்சியில் நாலு பேர் ஒரே நேரத்தில் பறக்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு நடுவானில் மோதி, ஒன்று வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பத்தடி தள்ளி விழுந்திருக்கிறது. அக்காவுக்கு இந்தப் பத்தடி சமாச்சாரம் தெரியாது. (இதைப் படித்தால் தெரிந்துவிடும். மன்னிச்சுக்கடா.)

எதிரில் வந்தவன் பார்த்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது என்பது என் கட்சி. இருநூறு மீட்டர் தள்ளிப் பறக்கும் இரண்டு சின்ன விமானங்களில் எது கிட்டே, எது தூரத்தில் என்று தரையில் நிற்பவன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பத்து தடவை மோதுகிற மாதிரி இருக்கும், மோதாது. பதினோராவது தடவையும் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 20 மீட்டர் என்றால், நேருக்கு நேர் மணிக்கு 144 கிலோமீட்டர். எங்கே திருப்புவது?

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் இந்தியாவில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. நம் தெர்மாகோல் விமானத்துக்கு அதெல்லாம் கிடையாது. நம்மிடம் இருப்பது வாய்.

பழைய ரேடியோ காலத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஆன் செய்தால் விமானம் கீழே. அதனால் மைதானத்தில் ஒரு பலகை, அலைவரிசைக்கு ஒரு கிளிப். கிளிப் கையில் இல்லாதவன் டிரான்ஸ்மிட்டரைத் தொடக்கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது, பலகையும் பரணுக்குப் போனது. அந்தப் பலகை சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்தது: வானத்தில் கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இது இன்னும் மோசம். ஊரை ஒட்டியே விமான நிலையம், வடக்கே தும்பாவில் ராக்கெட் மையம். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. தள்ளிப்போய் ஒரு மைதானம் கிடைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பசங்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

ஆனாலும் பலகை திரும்ப வரவேண்டும். அலைவரிசைக்கு இல்லை, இடத்துக்கு. நாலு கிளிப், நாலு விமானம், அவ்வளவுதான். ஒவ்வொருவன் பின்னாலும் ஒருத்தன் நின்று, தன் ஆளுடையதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பார்க்க வேண்டும். 'ஏறுறேன்', 'இறங்குறேன்' என்று கத்த வேண்டும். கிளைடர் என்றால் மேலேறும் காற்றில் முதலில் நுழைந்தவன் எந்தப் பக்கம் சுற்றுகிறானோ, பின்னால் வருகிறவனும் அதே பக்கம். நான் இங்கே ஒரு கிளைடரைத் தொலைத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். ட்ரங்க் கால் காலத்துக் குரலில் போன் பேசுகிற நாம், மைதானத்தில் ஏன் ஊமையாகிவிடுகிறோமோ :-)

கம்பம் சுற்றும் ரேஸில் வேண்டுமென்றே பல விமானங்களைச் சேர்த்து விடுகிறார்களே என்று மருமகன் மடக்கினான். நிஜம். அங்கே எல்லோரும் இடப்பக்கமே திரும்புகிறார்கள், கம்பத்தடியில் நிற்பவர் ஹெல்மெட் போட்டிருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்த குழந்தைக்கு யார் ஹெல்மெட் கொடுத்தார்கள்?

பையன் அடுத்த விமானத்துக்கு பால்சா மரம் வாங்கப் பணம் கேட்டிருக்கிறான். அனுப்பிவிடுவேன். பின்னால் நிற்கப்போகிறவன் யார் என்று பெயர் வந்து சேரட்டும்.